வயல் அவருடையது, படம் உங்களுடையது

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆர்டர் இல்லாத நாட்களில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல், தென்காசி கோபுரம், கன்னியாகுமரி வள்ளுவர் சிலை என்று படம் எடுத்து, ஃப்ரேம் போட்டு விற்கிறேன். வயல்காரர், "என் வயலைக் காட்டிச் சம்பாதிக்கிறீங்க, பங்கு கொடுங்க" என்கிறார். மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் அதே படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்து, மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டுக் காலண்டர் அடித்துவிட்டார். கேட்டால், "ஊரே எடுக்கிற படம்தானே" என்கிறார். நான் செய்தது தவறா, அவர் செய்தது தவறா?

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். சாலையில் நின்று கண்ணுக்குத் தெரிகிற வயலைப் படம் எடுப்பதற்கோ அதை விற்பதற்கோ நிலத்தின் சொந்தக்காரர் பங்கு கேட்க சட்டத்தில் இடமில்லை. பட்டா மண்ணுக்குத்தான், காட்சிக்கு இல்லை. ஆனால் வரப்பில் இறங்கிச் செடிகளை மிதித்திருந்தால் கதை வேறு. அது அத்துமீறல், நஷ்டம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பங்கு கொடுக்க மாட்டேன். நல்ல ஃப்ரேமில் ஒரு படம் போட்டு அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அடுத்த வருஷமும் அந்த வயலுக்குத்தானே போகப்போகிறீர்கள்?

கோபுரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடுவது மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்துக்கும் அதே விலக்கு. வள்ளுவர் சிலை 2000-இல் திறக்கப்பட்டது, அதை வடித்த கணபதி ஸ்தபதி 2011-இல்தான் காலமானார். ஆகவே சிலைக்கு இன்னும் பதிப்புரிமை இருக்குமே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் படம் எடுக்கலாம், விற்கலாம். கோயிலுக்கு உள்ளே எடுப்பது மட்டும் நிர்வாகத்தின் அனுமதியைப் பொறுத்தது. முண்டந்துறைக் காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். படத்தில் களை எடுக்கும் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிந்தால், அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குக் கொடுக்காதீர்கள். ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றிப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று 1994-இல் நக்கீரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி காலண்டர். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் படத்தில் வயலுக்கு மேலே ஒரு கொக்கு சிறகை மடக்குகிறது. இடது ஓரத்தில் மின்கம்பம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. காலண்டரிலும் அதே கொக்கு, அதே சிறகு, அதே கம்பம். "ஊரே எடுக்கிற படம்" என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. நாளை அவரே கேமராவோடு போய், அதே சாலையில் நின்று, அதே வயலை எடுத்தால் நாம் ஒன்றும் கேட்க முடியாது. அந்தக் கொக்கு இருந்த நொடி மட்டும் உங்களுடையது. படம் எடுத்தவரே அதன் ஆசிரியர். அவர் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டும் உரிமை நிற்கும். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபேஸ்புக்கில் போட்டதால் ஊர்ச் சொத்தாகிவிடாது.

அவர் உங்கள் பெயரை வெட்டியதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. தெரிந்தே மீறினால் 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உரிமையாளரின் பெயர் போன்ற விவரத்தைத் தெரிந்தே நீக்குவது 65பி பிரிவில் தனிக் குற்றம். ஆனால் எடுத்த எடுப்பில் போலீசுக்குப் போக நான் சொல்ல மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மீதிக் காலண்டர்களை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் கட்டணத்தை அடிப்படையாக வைத்து நஷ்டஈடு கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் வழக்குக்காக மதுரைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருந்து தொழில் செய்வது திருநெல்வேலி மாவட்டம் என்பதால் இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் தொழிலில் பலர் ஏமாறும் இடம் இது. ரிசார்ட்காரர் ஒருவர் காசு கொடுத்து உங்களை அழைத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தின் உரிமை அவருக்கே போய்விடும். ஏற்கனவே எடுத்த படத்தைக் கேட்டால், எங்கே, எத்தனை வருஷத்துக்கு, எதற்கு என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது: கேமராவில் இருந்து இறங்கிய அசல் ஃபைலை அப்படியே, எடிட் செய்யாமல், இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கொக்குக்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களையும் அழிக்காதீர்கள். ஜவுளிக்கடைக்காரரிடம் அவை இருக்க வாய்ப்பே இல்லை. ஃபேஸ்புக் பதிவை நீக்க வேண்டாம். காலண்டர் ஒன்றைக் கையில் வாங்கி, அச்சகத்தின் பெயர் அடியில் இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு உங்கள் வக்கீலைப் பாருங்கள்.