பெயர் தெரிந்த பிறகு

அன்புள்ள சார்,

எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் நடந்த ஒன்றைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்க எழுதுகிறேன். போன கூட்டத்துக்கு நண்பர் ஒருவர் ஒரு சிறுகதையை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். எழுதியவர் பெயர் அதில் இல்லை. படித்துவிட்டுப் பேசினோம். தொடக்கம் நன்றாக இருக்கிறது, பின்பாதி தொய்கிறது, சில இடங்கள் செய்தித்தாள் படிப்பது போல இருக்கின்றன என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான், எழுதியவர் நகராட்சியில் தூய்மைப் பணியாளர், இது அவருடைய முதல் கதை என்று நண்பர் சொன்னார். பேச்சு அப்படியே மாறிவிட்டது. தொய்வு என்றவர் ‘வாழ்க்கையின் இயல்பான வேகம்’ என்றார். செய்தித்தாள் என்றவர் ‘பூச்சில்லாத மொழி’ என்றார். கதையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

நம் ரசனை என்பதே எழுதியவரைப் பற்றிய தகவல்தானா? அப்படியென்றால் படைத்தவரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் படைப்பை மட்டும் பார்ப்பதுதானே நேர்மை? அடுத்த ஆண்டு எங்கள் வட்டம் ஒரு சிறுகதைப் போட்டி நடத்தப்போகிறது. நடுவர்களுக்குப் பெயரை மறைத்து அனுப்பலாமா?

எம்., கரூர்

*

அன்புள்ள எம்.,

உங்கள் வட்டத்தில் நடந்தது உங்களைத் தொந்தரவு செய்திருக்கிறது என்பதே நல்ல விஷயம். பல இடங்களில் இது நடக்கிறது, யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் தகவலே வேண்டாம் என்று நீங்கள் போய்ச் சேரும் முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’. எழுதியவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. பாட்டில் வரும் உவமையையே பெயராக வைத்து அவரைச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். நீங்கள் கேட்கும் நிலை இதுதான், படைப்பு மட்டும். அந்தப் பாட்டைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோம், மேடையில் வாழ்த்தாகச் சொல்கிறோம். முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் ஒன்றாகிவிட்ட மகிழ்ச்சி என்றே பலரும் அதைப் படிக்கிறார்கள்.

பாட்டின் கீழே பழைய குறிப்பு ஒன்று உண்டு. இயற்கைப் புணர்ச்சிக்குப் பின், அதாவது தற்செயலாகச் சந்தித்த இருவரும் முதன்முறை கூடிய பின், இவர் பிரிந்துவிடுவாரோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பு வேறுபாட்டைக் கண்டு தலைவன் சொன்னது என்கிறது அது. இதைப் படித்துவிட்டுத் திரும்பப் பாட்டுக்குப் போங்கள். அங்கே கல்யாணமே இல்லை. வீட்டுக்குத் தெரியாது. ஒரு பெண் பயந்துபோய் நிற்கிறாள். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்துகொண்டோம் என்று அவன் கேட்கிற மூன்று கேள்விகளும் உண்மையில் அவளுடைய கேள்விகள். வாய்விட்டுக் கேட்க முடியாமல் அவள் முகத்தில் நிற்பவற்றை அவன் எடுத்துத் தானே கேட்கிறான். கேட்டு முடித்த பிறகுதான் மழை வருகிறது. செம்மண்ணில் விழுந்த நீரை இனி யாரும் பிரித்தெடுக்க முடியாது. அந்த உவமை அழகுக்காக வந்ததல்ல, நடுங்கும் ஒருத்திக்குச் சொல்லும் உறுதிமொழி.

இந்தக் குறிப்பு கவிஞர் எழுதியதல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அதை ஏற்காமலும் பாட்டைப் படிக்கலாம். ஆனால் இவ்வளவு கேள்விகள் எதற்கு, யாருக்காக என்று கேட்க வைத்தது அந்த ஒற்றை வரிதான். ஆகவே, எந்தத் தகவல் வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். இது என்னைப் படைப்புக்குத் திருப்பி அனுப்புகிறதா, இல்லை, இனி நீ படிக்கத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறதா?

இரண்டாவது வகைக்கு பாரிஸில் நடந்த ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ரொமெய்ன் காரி என்ற பிரெஞ்சு நாவலாசிரியர் 1914இல் வில்னியூஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தார், பிறகு தூதரகப் பணி, ஒரு நடிகையுடன் திருமணம். 1956இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசை வாங்கினார். எழுபதுகளில் அவர் பெயரைக் கேட்டாலே விமர்சகர்களுக்கு எல்லாம் தெரியும். இன்ன மாதிரி எழுதுவார், அவருடைய காலம் முடிந்துவிட்டது. புத்தகத்தைத் திறக்கும் முன்பே மதிப்புரை தயாராக இருந்தது. தான் தானாகவே இருந்து அலுத்துப்போய்விட்டதாகவும், மற்றவர்கள் தனக்குப் பொருத்திய முகத்திலிருந்து வெளியேற விரும்பியதாகவும் அவர் பின்னால் எழுதினார்.

1974இல் எமில் அஜார் என்ற பெயரில் ஒரு நாவலை வெளியிட்டார். பாரிஸில் மலைப்பாம்பு வளர்க்கும் ஒரு தனியனின் கதை. அடுத்த ஆண்டு இரண்டாவது நாவல். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஆறாம் மாடியில், ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் தப்பிப் பிழைத்த வயதான யூதப் பெண்ணும் அவள் வளர்க்கும் மோமோ என்ற அரபுச் சிறுவனும். சிறுவனே கதை சொல்கிறான், கோணல்மாணலான வாக்கியங்களில். புதிய குரல் வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். 1975இல் கோன்கூர் பரிசு அதற்கே கிடைத்தது. ஒருவருக்கு ஒருமுறைதான் தருவது என்ற விதியுள்ள பரிசு அது. ‘அஜார்’ பரிசை மறுத்துக் கடிதம் அனுப்பியபோது, பரிசைத் தரும் கோன்கூர் அகாதமியின் தலைவர் எர்வே பாஸான், நாங்கள் ஓட்டுப் போடுவது புத்தகத்துக்கு, ஆளுக்கல்ல, பிறப்பையும் இறப்பையும் போல இந்தப் பரிசையும் ஏற்கவோ மறுக்கவோ முடியாது என்று பதில் சொன்னார். புத்தகத்துக்கு என்று அவர் சொன்னது உண்மையாகவும் ஆனது. காரி என்ற பெயரோடு போயிருந்தால் விதிப்படியே அந்தப் புத்தகத்துக்கு ஓட்டு விழுந்திருக்காது.

அஜாராக வெளியே தோன்றியவர் பால் பாவ்லோவிச். அவர் காரியின் உறவினர் என்று பத்திரிகைகள் கண்டுபிடித்துவிட்டன. அப்படியும் எழுதியது காரி என்று பெரும்பாலோர் நம்பவில்லை. கையெழுத்துப் பிரதியை அவருடைய மேசையில் பார்த்த ஒரு பெண் அதைப் பலரிடம் சொல்லியும் பலனில்லை. உண்மையில் பிரதியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 1960இல் காரி தன் தாயைப் பற்றி எழுதிய நூலில், மகனைத் தன் உலகமாகவே நினைக்கும் ஒரு யூதத் தாயும் அவளுடைய அன்பின் கனத்தைத் தாங்கி வளரும் பையனும் இருக்கிறார்கள். பதினைந்து ஆண்டு கழித்து அதே ஜோடி ஆறாம் மாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. காரியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். காரியைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தவர்கள் காரியைப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் நடந்தது. 1980 டிசம்பரில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு, அவர் எழுதி வைத்திருந்த வாக்குமூலம் வெளியானபோதுதான் விஷயம் உடைந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உயிரோடு இருந்த ஓர் எழுத்தாளர், தன்னை யாராவது புதிதாகப் படிக்க மாட்டார்களா என்று இன்னோர் ஆளாக மாற வேண்டியிருந்தது.

சரி, படைப்பு மட்டும் போதும் என்பவர்களின் கட்சியைத்தானே இது உறுதிப்படுத்துகிறது என்பீர்கள். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1937இல், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியம் என்று ஒன்று வெளிப்பட்டது. பைபிளில் வரும் எம்மாவு விருந்தில் இயேசு. வெர்மீர் இளமையில் மத ஓவியங்கள் இன்னும் சில வரைந்திருக்க வேண்டும், எங்கோ கிடக்கின்றன என்ற எதிர்பார்ப்பு ஏற்கனவே இருந்தது. ஆபிரகாம் பிரெடியஸ் என்ற மூத்த நிபுணர் இதை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்றே எழுதினார். ரோட்டர்டாமின் அருங்காட்சியகம் பெரும் விலைக்கு அதை வாங்கியது. வரைந்தவர் ஹான் வான் மீகெரன். பதினேழாம் நூற்றாண்டு துணியில், பேக்கலைட் என்ற செயற்கைப் பிசின் கலந்த வண்ணத்தால் வரைந்து, அடுப்பில் சுட்டு, உருளையில் சுற்றி விரிசல் விழ வைத்திருந்தார். நாஜித் தலைவர் கோரிங்குக்கு ஒரு ‘வெர்மீரை’ விற்ற குற்றத்துக்காக 1945இல் கைதானபோது, அது நான் வரைந்தது என்று ஒப்புக்கொண்டார். நிரூபிக்க, சாட்சிகள் முன்னால் இன்னொன்றும் வரைந்து காட்டினார்.

இப்போது அந்த ஓவியத்தைப் பார்ப்பவர்களுக்குக் கனத்த இமைகளும் சோர்ந்த முகங்களும் 1930களின் சினிமா முகங்களாகத் தெரிகின்றன. அவை அன்றும் அங்கேதான் இருந்தன. வெர்மீர் என்ற பெயர் அவற்றை மறைத்தது, மீகெரன் என்ற பெயர் காட்டிக்கொடுத்தது. அப்புறம், அந்த முகங்கள் குறையே இல்லாமல் இருந்திருந்தாலும் மதிப்பு இறங்கியது சரி என்றுதான் சொல்வேன். ஒன்றைப் படைப்பாற்றல் மிக்கது என்று சொல்லும்போது, கண்முன் உள்ள பொருளை மட்டுமா சொல்கிறோம்? அதைச் செய்தவர் எங்கிருந்து கிளம்பினார், அவருக்கு முன்னால் என்ன இருந்தது, எதைப் புதிதாகக் கண்டார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். சன்னலோர வெளிச்சத்தை அப்படிப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தவர் வெர்மீர். கண்டுபிடித்ததை மீகெரன் எடுத்துக்கொண்டார். இது தெரியாமல் இரண்டு பேரின் படைப்பாற்றலையும் எடைபோட முடியாது. இன்று ஒரு படத்தின் கீழே ‘ஏஐ வரைந்தது’ என்று போட்டால் மக்கள் உடனே மதிப்பைக் குறைக்கிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் வெறும் ஒவ்வாமையும் இருக்கும். ஆனால் ‘இங்கே யார் என்ன செய்தார்?’ என்ற நியாயமான கேள்வியும் இருக்கிறது.

உங்கள் நண்பர்களிடம் வருகிறேன். தூய்மைப் பணியாளர் எழுதியது என்று தெரிந்ததும் அவர்கள் கதைக்குத் திரும்பிப் போயிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். அந்த வேலையைச் செய்பவருக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒரு வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறதா, வெளியாட்களான நாம் அதைத் தாண்டிப் போய்விட்டோமா என்று தேடியிருக்கலாம். செய்தித்தாள் போல இருந்த இடத்தில் அவர் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தினாரா என்று யோசித்திருக்கலாம். உங்கள் கடிதப்படி யாரும் தாளைத் திரும்பக் கையில் எடுக்கவில்லை. பழைய தீர்ப்புக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள், அவ்வளவுதான். அது அன்பால் வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவருக்கு அதில் நன்மை இல்லை. ஓர் எழுத்தாளராக அவருக்குப் பின்பாதி தொய்கிறது என்று கேட்கும் உரிமை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது, உங்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதுதான். 1847இல் ஆங்கில நாவலாசிரியர்களான ப்ரான்டே சகோதரிகள் மூவரும் பெண்ணென்று தெரியாத பெயர்களில் எழுதியதற்குப் பின்னர் அவர்களில் ஒருவரான சார்லட் சொன்ன காரணங்களில் ஒன்று இது. பெண் எழுத்தாளர்களுக்கு விமர்சகர்கள் தரும் பாராட்டு உண்மையான பாராட்டாக இருப்பதில்லை. சலுகைப் புகழ் அவர்களுக்கு வேண்டாமாக இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கதையை எழுதியவரை அழையுங்கள். கதையைத் திரும்பப் படித்து, எந்த இடத்தில் தொய்கிறது என்று அவரிடமே காட்டுங்கள்.

போட்டிக்குக் கட்டாயம் பெயரை மறையுங்கள். கட்டுக்கட்டாகக் கதைகள் குவியும்போது களைத்துப்போன நடுவருக்குப் பெயர்தான் குறுக்குவழி. அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்கள் எழுபதுகளிலிருந்து ஆள் எடுக்கும் தேர்வில் திரையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் பின்னால் வாசிக்க வைத்தன. செருப்புச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்று சில இடங்களில் தரையில் கம்பளமும் விரித்தார்கள். ஆனால் வேலைக்குச் சேர்ந்தவர் கச்சேரியில் திரைக்குப் பின்னால் உட்காருவதில்லை. நீங்களும் பரிசு முடிவான பிறகு பெயர், ஊர், தொழில் எல்லாவற்றோடும் கதைகளை வெளியிட்டு, இரண்டாம் வாசிப்புக்கு ஒரு கூட்டம் வையுங்கள். கையால் எழுதி வருபவற்றை ஒரே எழுத்துருவில் தட்டச்சு செய்துவிடுங்கள். சின்ன ஊரில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நடுவர்களில் ஒருவராவது வெளியூர்க்காரராக இருக்கட்டும்.