வாசகர் கேள்வி–பதில்: பிள்ளையின் அறிவும் அதற்கு இட்ட எண்ணும்

கேள்வி: எங்கள் எட்டு வயது மகனுக்கு ஓர் உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை நடத்தி, ஐ.க்யூ. 92 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நானும் என் கணவரும் முதுநிலைப் பட்டதாரிகள். நூற்றுக்கு எட்டு குறைகிறதே, மூளை வளர்ச்சியில் ஏதேனும் கோளாறு இருக்குமோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: அஞ்ச வேண்டியதில்லை. இது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் அன்று. ஒரே வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் காட்டும் எண். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில்தான் அடங்குவார்கள். உங்கள் மகனும் அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் இருக்கிறான். அறிவுசார் குறைபாடு உண்டா என்ற ஐயமே 70-ஐ ஒட்டிய எண்களில்தான் எழுகிறது. அப்போதும் உடுத்துதல், பேசுதல், பிறரோடு பழகுதல் போன்ற அன்றாடத் திறன்களையும் பார்த்த பிறகே மருத்துவர்கள் முடிவு சொல்வார்கள்.

சோதனை அறையில் நடப்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சிவப்பும் வெள்ளையுமான சிறு கட்டைகளைக் கொடுத்து, படத்தில் உள்ள கோலத்தை அவற்றால் அமைக்கச் சொல்வார்கள். பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சில எண்களை வரிசையாகச் சொல்லி, அவற்றைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். முந்தைய இரவு சரியாகத் தூங்காத பிள்ளை, புதியவரிடம் கூச்சப்படும் பிள்ளை, காது சற்று மந்தமாக இருப்பதை வீட்டில் எவரும் கவனிக்காமல் விட்ட பிள்ளை ஆகிய எல்லோருமே இதில் சறுக்கக்கூடும். இதனால்தான் நல்ல அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளியும் தரப்படுகிறது. 92 என்றால் உண்மைத் திறன் அதற்கு ஐந்தாறு புள்ளிகள் மேலோ கீழோ இருக்கலாம் என்பது அதன் பொருள். மொத்த எண்ணை விட்டுவிட்டுப் பகுதி எண்களைப் பாருங்கள். சொல்லாற்றலில் 105-உம் செயல்வேகத்தில் 78-உம் வாங்கிய பிள்ளைக்கு மொத்த எண் எதையும் சொல்வதில்லை. எந்த இடத்தில் உதவி தேவை என்பதைப் பகுதி எண்களே சொல்லும். 1905-இல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் அளவுகோலை அமைத்ததும் பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்காகவே. பிள்ளைகளை வரிசைப்படுத்திப் பெருமை பேசும் வழக்கம் பிறகு ஒட்டிக்கொண்டது.

கேள்வி: அறிவில் பாதிக்கு மேல் மரபணுவால் தீர்மானிக்கப்படுகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வதாகப் படித்தேன். அப்படியானால் பெற்றோரின் முயற்சிக்கு என்ன பயன்?

பதில்: அந்த விழுக்காடு ஒரு குழந்தையின் அறிவைப் பங்கு போட்டுச் சொல்வது அன்று; ஒரு மக்கள்தொகையில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அது வயதோடு மாறவும் செய்யும். நான்கு நாடுகளைச் சேர்ந்த சுமார் 11,000 இரட்டையர் இணைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 9 வயதில் 41 விழுக்காடாக இருந்த மரபுப் பங்கு, 12 வயதில் 55 ஆகவும் 17 வயதில் 66 ஆகவும் உயர்ந்தது. வளர வளரப் பிள்ளைகள் தங்கள் இயல்புக்கேற்ற புத்தகத்தையும் நண்பர்களையும் பொழுதுபோக்கையும் தாங்களே தேர்ந்துகொள்வது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மரபணுவால் வருவது மாறாது என்று எண்ணுவோர் பினைல்கீட்டோனூரியா என்ற நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934-இல் கண்டறிந்த இந்நோய், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் பழுதுபட்ட மரபணுவால் உண்டாகிறது. புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் மாற்ற முடியாமல், அது ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைச் சிதைக்கிறது. கவனிக்காமல் விட்டால் கடுமையான அறிவுக் குறைபாடு நேரும். ஆனால் பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி, இரண்டு மூன்று சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்துச் சோதித்து, உடனே அந்த அமிலம் குறைந்த உணவைத் தொடங்கித் தொடர்ந்து கடைப்பிடித்தால், குழந்தை ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வளர்கிறது. மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது உணவு மட்டுமே. பிறவித் தைராய்டு குறைபாடும் இப்படித்தான்: முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்குவதும் தொடங்காததுமே ஒரு வாழ்நாளின் வேறுபாடு.

பொதுவான அறிவுத்திறனைப் பொறுத்தவரை, ஒற்றை 'அறிவு மரபணு' எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் பங்களிக்கின்றன. அவை ஒவ்வொரு பிள்ளையிலும் வேறு விதமாகக் கலைந்து சேர்கின்றன. முதல் கேள்வியைக் கேட்ட வாசகியும் இதைக் கவனிக்கலாம்: பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளை சராசரியை ஒட்டி அமைவதில் வியப்பொன்றும் இல்லை.

கேள்வி: நினைவாற்றல் டானிக், மூளை வளர்ச்சி மாவு ஆகியவற்றால் அறிவு கூடுமா?

பதில்: நலமான குழந்தைக்குக் கூடும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சான்றுள்ளவை விளம்பரத்தில் வருவதில்லை. கருவுற்ற காலத்தில் தாய்க்குப் போதிய அயோடின் கிடைப்பது அவற்றில் முதலாவது. தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புக்கு உலகளவில் முதன்மைக் காரணமாக உலகச் சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சுட்டி வந்தது அயோடின் பற்றாக்குறையைத்தான், அதற்கு மருந்து அயோடின் கலந்த உப்பு. கர்ப்பத்தில் மதுவை முற்றிலும் தவிர்ப்பதும், முதல் இரண்டு ஆண்டுகளில் ரத்தசோகை வராமல் பார்ப்பதும் அடுத்தவை. மூளையைப் பாதிக்கும் ஈயத்துக்கோ பாதுகாப்பான அளவே கிடையாது. உதிரும் பழைய பெயின்ட், பழைய பேட்டரி உடைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து தவழும் குழந்தையை விலக்கி வைத்தால் எந்த டானிக்கும் தர முடியாத நன்மை கிடைக்கும். இரும்புச்சத்து மருந்தை மட்டும், ரத்தத்தைச் சோதிக்காமல், 'மூளைக்கு நல்லது' என்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் அது சிறு குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்தான நஞ்சு. புட்டியைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.