வாசகர் கேள்வி: உருகும் சறுக்குப் பட்டைகள்

கேள்வி: கனடாவில் பணிபுரியும் என் மகனின் ஸ்னோமொபைலில் (பனிமேல் ஓடும் வண்டி), அதை நகர்த்தும் சுழல் வாரான ரப்பர் டிராக்கின் உட்புறம் உரசும் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகள் ஒரே பருவத்தில் உருகித் தேய்ந்துவிட்டன. கூடுதல் சக்கரங்கள் பொருத்தினால் சரியாகுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஓரளவு சரியாகும். டிராக்கன்ஸ்பெர்க் மலையில் எப்போதாவது விழும் பனியை மட்டுமே கண்ட நமக்கு, பனியில் ஓடும்போதே பிளாஸ்டிக் உருகுவது வியப்பாக இருக்கலாம். அப்பட்டைகளைக் குளிர்வித்து வழுக்கச் செய்வது தூளான பனியே என்பதால், இறுகிய பனிக்கட்டிப் பாதையில் அவை சூடேறி உருகுகின்றன. கூடுதல் சக்கரங்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்றாலும், பனிக்கட்டியைச் சுரண்டி டிராக்கின்மீது தெறிக்கவிடும் கம்பிகளையே முதலில் பொருத்தச் சொல்வேன். டிராக் அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும் இதே தேய்மானம் நேரும். ஆகவே தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடி தொய்வை அளந்து, டிராக் நடுவில் ஓடும்படி பின்அச்சின் இருபுறத் திருகுகளையும் சரிசெய்ய வேண்டும். எஞ்சினை நிறுத்தி, வண்டியின் பின்பகுதியைத் தூக்கி வைத்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றும்போது கரகரப்போ ஆட்டமோ தென்பட்டால், அந்தச் சக்கரத்தின் பேரிங்கைத் தாமதியாமல் மாற்றிவிடச் சொல்லுங்கள்.