பிரெட்டி திங்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் 1960களின் லண்டன் இசை பற்றிய ஒரு பதிலில் ‘தி பிரெட்டி திங்ஸ்’ என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. எனக்கு அதில் சந்தோஷம்தான். பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப நான் கேட்கிற குழு அது.

கேள்வி: பீட்டில்ஸ் தெரியும், ரோலிங் ஸ்டோன்ஸ் தெரியும், பிங்க் ஃபிளாய்ட் தெரியும். பிரெட்டி திங்ஸ் என்று ஒரு குழு இருந்ததே தெரியாது ஐயா. யார் இவர்கள்?

நீங்கள் சொன்ன மூன்று பெயர்களுக்கும் பக்கத்திலேயேதான் இருந்தார்கள். லண்டனுக்குத் தென்கிழக்கே சிட்கப் என்ற ஊர், அங்கே ஓர் ஓவியக் கல்லூரி. அங்கே படித்த டிக் டெய்லர், ஃபில் மே இருவரும் 1963-ல் தொடங்கிய குழு இது. ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸும் அதே கல்லூரிதான். அமெரிக்கக் கலைஞர் போ டிட்லி பாடிய ஒரு பாட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அடித்ததெல்லாம் ரிதம் அண்ட் ப்ளூஸ், அதுவும் ஸ்டோன்ஸைவிடக் கரடுமுரடாக. ஃபில் மேயின் தலைமுடி நீளத்தைப் பார்த்தே பெற்றோர்கள் பயந்த காலம் அது. 1964-ல் ‘டோன்ட் பிரிங் மீ டவுன்’ பிரிட்டன் பட்டியலில் 10-ஆம் இடம் வரை போனது, அடுத்த வருடம் வந்த முதல் ஆல்பம் 6-ஆம் இடம். ஆக, யாருக்கும் தெரியாமல் தொடங்கிய குழு இல்லை. முதலில் எல்லோருக்கும் தெரிந்திருந்து, தங்கள் ஆகச் சிறந்த வேலையைச் செய்த நேரத்தில் கவனிப்பாரற்றுப் போனவர்கள்.

கேள்வி: டிக் டெய்லர் ரோலிங் ஸ்டோன்ஸில் இருந்தவர் என்று படித்தேன். அதை விட்டுவிட்டு வந்தது எவ்வளவு பெரிய தவறு!

இருந்தவர்தான். மிக் ஜாகரோடும் கீத் ரிச்சர்ட்ஸோடும் வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பழகிய நாளிலிருந்தே உடன் இருந்தவர். 1962 ஜூலை 12 அன்று லண்டன் மார்க்கீ கிளப்பில் ஸ்டோன்ஸ் என்ற பெயரில் அவர்கள் முதன்முதலில் மேடையேறியபோது பேஸ் வாசித்தது டெய்லர். ஆனால் அவர் கிட்டார்காரர். குழுவில் ஏற்கெனவே இரண்டு கிட்டார் இருந்ததால் பேஸ் பக்கம் தள்ளப்பட்டார். அந்த வருடக் கடைசியில் படிப்பைப் பார்க்கலாம் என்று விலகினார், அவர் இடத்துக்குப் பில் வைமன் வந்தார்.

தவறு என்று நான் சொல்லமாட்டேன். விலகியதால்தான் அவர் மறுபடியும் கிட்டார் வாசித்தார். 1968-ல் வந்த இவர்களுடைய ‘எஸ்.எஃப். சாரோ’ ஆல்பத்தின் ‘பலூன் பர்னிங்’ பாட்டில் கிட்டார் ஒரே வெறியோடு சுற்றிச் சுற்றி வரும் பாருங்கள், அது டெய்லருடையது. வேறொருவர் குழுவில் பேஸ் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி: முரட்டுத்தனமாக ப்ளூஸ் வாசித்தவர்கள் எப்படி சைக்கடெலிக் பக்கம் வந்தார்கள்? சைக்கடெலிக் என்றாலே போதைப் பாட்டு என்றுதானே அர்த்தம்?

போதை அந்தக் காலத்தோடு ஒட்டிக்கொண்டு இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காதால் கேட்டால் சைக்கடெலிக் என்பது முதலில் ஸ்டூடியோவைப் பயன்படுத்தும் ஒரு முறை. டேப்பைப் பின்னோக்கி ஓட்டுவது, குரலை உருமாற்றுவது, மெல்லோட்ரான் (பதிவான ஒலிகளை டேப்பிலிருந்து எழுப்பும் விசைப்பலகைக் கருவி), சித்தார், ஒரு பாட்டுக்குள்ளேயே தாளமும் உலகமும் மாறிப்போவது, இதெல்லாம்தான்.

இவர்களுக்கு மாற்றம் ஒரு கசப்பிலிருந்து வந்தது. 1967-ல் வந்த ‘இமோஷன்ஸ்’ ஆல்பத்தில் இவர்களுடைய பாட்டுகள் மேல் பித்தளைக் கருவிகளையும் வயலின்களையும் கொண்டுவந்து பூசினார்கள். குழுவுக்கு அது பிடிக்கவே இல்லை. அதற்குள் பழைய ஆட்கள் இரண்டு பேர் போய், ஃபென்மென் என்ற குழுவிலிருந்து வாலி வாலரும் ஜான் போவியும் வந்திருந்தார்கள். இந்த இரண்டு பேரும் அடுக்கடுக்காகச் சேர்ந்து பாடத் தெரிந்தவர்கள். அது குழுவின் ஒலியையே மாற்றியது. பிறகு ஃபோன்டானா லேபிளை விட்டு இஎம்ஐ, அதாவது அபி ரோடு ஸ்டூடியோ. அங்கே நார்மன் ஸ்மித். 1965 வரை பீட்டில்ஸ் பாட்டுகளைப் பதிவு செய்த ஒலிப்பதிவாளர், பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர். அந்தப் பெரிய கம்பெனிக்குள் தங்களைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான் என்று ஃபில் மே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1967 நவம்பரில் வந்த ‘டிஃபெக்டிங் கிரே’ சிங்கிளைக் கேளுங்கள். மெதுவாக ஊஞ்சலாடுகிற மாதிரி தொடங்கும், திடீரென்று தரை பிளந்ததுபோல் கிட்டார் பாயும், மறுபடி ஊஞ்சல். வானொலிக்குப் போகிற ஒரு சிங்கிளில் இப்படிச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஓடவில்லை. ஆனால் அடுத்த ஆல்பமான ‘எஸ்.எஃப். சாரோ’ எந்தத் திசையில் போகும் என்பது அதிலேயே முடிவாகிவிட்டது.

கேள்வி: ‘எஸ்.எஃப். சாரோ’ ஆல்பத்தின் கதை என்ன? இரண்டு முறை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாதது உங்கள் குறை இல்லை. பாட்டுகளுக்கு நடுவே வரவேண்டிய கதைப் பகுதிகள் ஆல்பத்தின் உறைக்குள் அச்சாகியிருந்தன, அதைப் படிக்காமல் கேட்டால் பாதிதான் தெரியும். ஃபில் மே எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து வந்தது இது. உறை ஓவியமும் அவரே.

செபாஸ்டியன் எஃப். சாரோ என்று ஒரு சாதாரண ஆள். ‘துயர ஆலை’ என்ற தொழிற்சாலையை நம்பி வாழும் ஊரில், ஒரு சாதாரண வீட்டில் பிறக்கிறான். வளர்கிறான், அதே ஆலையில் வேலை பார்க்கிறான், அக்கம்பக்கத்துப் பெண்ணைக் காதலிக்கிறான், போருக்குப் போகிறான். ‘பிரைவேட் சாரோ’ பாட்டில் ராணுவ டிரம்ஸ் ஒரு குழந்தைப் பாட்டுபோல் இனிமையாகத் தட்டிக்கொண்டே போகும், கடைசியில் பெயர்ப் பட்டியல் வாசிப்பது கேட்கும், அவ்வளவுதான், ஒரு தலைமுறையே போய்விட்டது. போர் முடிந்து கடல் கடந்து குடியேறி, கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணை வரவழைக்கிறான். அவள் வருகிற வான்கப்பல் அவன் கண்ணெதிரே எரிகிறது. அதன்பின் ‘பேரன் சாட்டர்டே’ (Baron, அதாவது ‘சனிக்கிழமைப் பிரபு’) என்ற மாயக்காரன் அவனைத் தன் மனதுக்குள்ளேயே ஒரு பாதாளப் பயணம் கூட்டிப்போகிறான். அங்கே அவன் காண்பது ஞானமோ விடுதலையோ இல்லை. இனி யாரையும் நம்ப முடியாது என்பதைத்தான். கடைசிப் பாட்டு ஒன்றரை நிமிடம், ஒரு கிட்டார், ஒரு குரல், உலகிலேயே தனிமையான மனிதன். முடிந்தது.

இதை நான் மதிப்பது இந்த முடிவுக்காக. 1968-ல் இசை உலகம் முழுக்க அன்பு, விடிவு, புதிய யுகம் என்று பாடிக்கொண்டிருந்தது. இவர்கள் மட்டும் அதே ஒலிகளை, அதே சித்தாரை, அதே கூட்டுக் குரல்களை வைத்துக்கொண்டு, ஒரு மனிதன் முதுமையில் யாருமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பாடினார்கள். கேட்பவர்களுக்கு ஆறுதலாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. இருபது சொச்சம் வயதுப் பையன்கள்!

கேள்வி: ‘தி ஹூ’வின் ‘டாமி’ இதைப் பார்த்துக் காப்பியடித்ததுதான் என்கிறான் என் நண்பன். உலகின் முதல் ராக் ஆப்பரா எது?

ராக் ஆப்பரா என்றால் ஒரு ஆல்பம் முழுக்க ஒரே கதையைப் பாட்டுகளாகச் சொல்வது. உங்கள் நண்பரோடு பாதி தூரம் வருகிறேன். ‘எஸ்.எஃப். சாரோ’ 1968 டிசம்பரில் வந்தது, ‘டாமி’ 1969 மே மாதம். தேதி தெளிவாக இருக்கிறது. ஹூ குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் சாரோவைக் கேட்டுத்தான் டாமியைச் செய்தார் என்று பிரெட்டி திங்ஸ் ஆட்கள் பல பேட்டிகளில் சொன்னார்கள், ஹூ தரப்பில் அதை மறுத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1966-லேயே டவுன்ஷெண்ட் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு குட்டி ஆப்பரா எழுதியிருந்தார். கதை சொல்லும் எண்ணம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அதேபோல 1967-லேயே நிர்வாணா என்ற பிரிட்டிஷ் குழு (பின்னால் வந்த அமெரிக்க நிர்வாணா இல்லை) ஒரே ஆளின் கதையை ஆல்பமாகப் போட்டிருந்தது. அப்படியிருக்க ‘முதல்’ என்ற பட்டத்தை யாருக்குக் கொடுப்பது?

யார் முதல் என்ற இந்தச் சண்டை பிரெட்டி திங்ஸுக்கு நல்லது செய்யவில்லை என்பதே என் எண்ணம். ஐம்பது வருடமாக இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் டாமியில் தொடங்கி டாமியில் முடிக்கிறார்கள். டாமி ஓர் அற்புதச் சிறுவனின் கதை, ஆயிரக்கணக்கானோர் அவன் பின்னால் வருகிறார்கள். சாரோவின் பின்னால் யாரும் வரவில்லை. இரண்டும் வேறு வேறு மனநிலை. டாமி என்ற ஒன்று வராமலேயே போயிருந்தாலும் சாரோ இதே அளவு பெரிய வேலைதான்.

கேள்வி: அவ்வளவு நல்ல ஆல்பம் என்றால் ஏன் விற்கவில்லை?

நல்லது விற்கும் என்று ஒரு சட்டம் இருந்தால் நானும் இதைக் கேட்பேன்! 1967 நவம்பரில் தொடங்கி அடுத்த செப்டம்பர் வரை பதிவு நடந்தது, நாலே நாலு ஒலித்தடங்கள் கொண்ட டேப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி ஏற்றி. அதே கட்டடத்தில் பீட்டில்ஸ் வெள்ளை ஆல்பத்தையும், பிங்க் ஃபிளாய்ட் இரண்டாவது ஆல்பத்தையும் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் டிரம்மர் ஸ்கிப் ஆலன் விலகிவிட, டுமாரோ என்ற இன்னொரு சைக்கடெலிக் குழுவிலிருந்து ட்விங்க் வந்து முடித்துக்கொடுத்தார். வெளிவந்ததோ பீட்டில்ஸும் ஸ்டோன்ஸும் தங்கள் ஆல்பங்களை இறக்கியிருந்த அதே பருவத்தில். கம்பெனி பெரிதாக விளம்பரம் செய்யவில்லை. கதையோ இருட்டு. மேடையில் முழுதாக வாசித்துக் காட்டவும் அன்றைய வசதிக்கு முடியவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடுமை. மோடவுன் கம்பெனி தன் புதிய ராக் லேபிளான ரேர் எர்த்தில், மேல்புறம் கல்லறைக்கல் போல் வளைந்த உறையில் இதை வெளியிட்டது. ஆனால் அப்போது டாமி வந்து ஊரெல்லாம் அதே பேச்சு. முன்னால் செய்தவர்கள், பார்த்துச் செய்தவர்கள் போல ஆகிவிட்டார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் அடித்துத் துவைத்தார். அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது.

கேள்வி: ஆரம்பகால டிரம்மர் விவ் பிரின்ஸ் பெரிய ரகளைக்காரராமே?

ஆமாம். 1965 நியூசிலாந்து பயணத்தில் அவர் நடந்துகொண்ட விதம் அந்த நாட்டு நாடாளுமன்றம் வரை பேச்சானது, அந்த வருடமே குழுவை விட்டுப் போனார். டிரம்ஸ் வாசித்தால் பிரமாதம். முதல் ஆல்பத்தைக் கேட்டால் தெரியும்.

கேள்வி: இந்தத் தோல்விக்குப் பிறகு என்ன ஆனார்கள்? காசு ஏதாவது பார்த்தார்களா?

டிக் டெய்லர் 1969-ல் மனம் விட்டுப்போய் விலகினார், அடுத்த வருடம் ஹாக்விண்ட் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரிக்க உதவினார். ட்விங்க் பிங்க் ஃபேரிஸ் பக்கம் போனார். ஃபில் மேயும் வாலரும் நார்மன் ஸ்மித்தோடு சேர்ந்து 1970-ல் ‘பாரசூட்’ என்று ஓர் அருமையான ஆல்பம் செய்தார்கள், நகரத்தையும் கிராமத்தையும் எதிரெதிரே வைத்து. அதுவும் ஓடவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ‘எலெக்ட்ரிக் பனானா’ என்ற வேறு பெயரில் டி வுல்ஃப் என்ற நிறுவனத்துக்குப் படங்களுக்கான பின்னணி இசை வாசித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சக கலைஞர்கள் மறக்கவில்லை. டேவிட் போவி 1973-ல் தன் ‘பின் அப்ஸ்’ ஆல்பத்தில் இவர்களுடைய பாட்டு இரண்டைப் பாடினார். லெட் செப்பலின் தன் சொந்த லேபிளான ஸ்வான் சாங்கில் இவர்களைச் சேர்த்து ‘சில்க் டார்பிடோ’வை 1974-ல் வெளியிட்டது. 1976-ல் ஃபில் மே குழுவை விட்டு விலகிவிட, அந்த வாய்ப்பும் கைநழுவியது.

காசு விஷயத்தில், 1990களில் மேனேஜர் மார்க் செயின்ட் ஜான் கம்பெனிகளோடு சட்டப் போராட்டம் நடத்தி, பழைய பதிவுகளின் உரிமையைக் குழுவுக்கே மீட்டுக்கொடுத்தார். அதன் பிறகுதான் 1998 செப்டம்பர் 6 அன்று, அதே அபி ரோடு ஸ்டூடியோவில், முழு ‘சாரோ’வையும் வாசித்து இணையத்தில் நேரடியாக ஒலிபரப்பினார்கள். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் கிட்டார், பாடகர் ஆர்தர் பிரவுன் கதைசொல்லி. உறைக்குள் அச்சில் கிடந்த கதை அன்று பாட்டுக்கு நடுவே குரலாக வந்தது.

2018 டிசம்பர் 13 அன்று லண்டனில் கடைசி மின்னிசைக் கச்சேரி, கில்மோரும் வான் மாரிசனும் வந்து சேர்ந்து வாசித்தார்கள். ஃபில் மேயின் நுரையீரல் அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. பிறகு டெய்லரும் அவரும் மின்கருவிகளை ஒதுக்கிவிட்டுப் பழைய ப்ளூஸ் மாதிரி ஓர் ஆல்பம் பதிவு செய்தார்கள். 2020 மே 15 அன்று மே இறந்தார், 75 வயது. அந்த ஆல்பம் செப்டம்பரில் வெளியானது. 1963-ல் சேர்ந்த இரண்டு பேரும் கடைசிப் பதிவிலும் ஒன்றாக இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் ‘டிஃபெக்டிங் கிரே’. பிடித்தால் நேரே ‘எஸ்.எஃப். சாரோ’, மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும்) வடிவம் கிடைத்தால் அதுதான், ஸ்டீரியோவைவிட அதில் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் அடி அதிகம். சுமார் 40 நிமிடம்தான், உறைக்குள் இருக்கும் கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேளுங்கள், நடுவில் பாட்டைத் தாண்டிப் போகாதீர்கள். அப்புறம் ‘பாரசூட்’. முரட்டு ப்ளூஸ் பிடிக்கும் என்றால் 1965 ஆல்பத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், குறிப்பாக ‘ஓல்ட் மேன் கோயிங்’ முடிந்த கையோடு அந்தக் கடைசி ஒன்றரை நிமிடம் உங்களை என்ன செய்தது என்று.