புனே எப்படித் தெற்காகும்?

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மைத்துனர், இந்திய ராணுவத்தின் தெற்குப் பிராந்தியத் தலைமையகம் புனேயில் இருக்கிறது என்கிறார். சென்னை இருக்கப் புனே எப்படித் தெற்காகும்?
- வாசகர், ஈசூன்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது சரிதான். நம் சிங்கப்பூர்த் தீவில் இந்தக் குழப்பம் வராது. நான் தேசிய சேவை செய்த காலத்திலிருந்தே இங்கே படைப்பிரிவுகளுக்கு எண்தான் பெயர், திசை இல்லை. கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். திசை பிரித்து என்ன செய்வது?

இந்தியாவில் உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், லக்னோ, கொல்கத்தா, புனே என்று ஆறு பிராந்தியத் தலைமையகங்கள். ஏழாவது சிம்லாவில், அது பயிற்சிக்கானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு லெப்டினன்ட் ஜெனரல் தலைவர்.

1895-க்கு முன் வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களுக்குத் தனித்தனி ராணுவம் இருந்தது. அவற்றை ஒன்றாக்கி நான்கு பிராந்தியங்களாகப் பிரித்தபோது சென்னையும் அவற்றில் ஒன்று. பின்னால் வந்த மாற்றங்களில் சென்னை அந்த இடத்தை இழந்தது. தமிழனாக எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் எல்லையைப் பார்த்தால் புனே பொருந்துகிறது. ஜெய்சல்மேர் பாலைவனமும் குஜராத் எல்லையும் தெற்குப் பிராந்தியத்தின் பொறுப்பு. 1971 போரில் ஜெய்சல்மேர் பாலைவனத்து லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தடுத்து நிறுத்தியதும் இந்தப் பிராந்தியத்துப் படைதான். சென்னையிலிருந்து ஜெய்சல்மேருக்கு வரைபடத்தில் விரலை நகர்த்திப் பாருங்கள், தூரம் புரியும்.

கூடவே ஒன்று. மதராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் சென்னையைச் சுற்றியே இருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ரெஜிமென்ட் பிறந்த வீடு. பிராந்தியம் புகுந்த வீடு. குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி முடித்தவர் காஷ்மீரில் காவல் நின்றால், அங்கே அவர் உதம்பூரின் கட்டளைக்குள் வருகிறார்.

சென்னையில் ஒன்றுமே இல்லையா என்று மைத்துனர் கேட்பார். தட்சிண பாரத் ஏரியா என்ற தலைமையகம் அங்கே இருக்கிறது. புனேவுக்குக் கீழே வருகிறது. தென் மாநிலங்களில் ராணுவ நிர்வாகம், முன்னாள் வீரர்களின் நலன், பேரிடர் உதவி ஆகியவை அதன் வேலை. 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் மாடியில் சிக்கிக்கொண்ட என் தங்கை, ராணுவப் படகில்தான் வெளியே வந்தாள். கையில் ரேஷன் கார்டும் மாமியாரின் மருந்துப் பையும் மட்டும் இருந்தன.