செய்திக்குறிப்பு அனுப்பியும் ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் செய்திக்குறிப்பை நாற்பது பத்திரிகைகளுக்கு ஒரே மின்னஞ்சலில் அனுப்பினோம். ஒன்றில்கூட வரவில்லையே?

பதில்: மொத்தமாக அனுப்பியதுதான் கோளாறு. விளையாட்டு நிருபருக்கு உங்கள் புதிய இயந்திரம் எதற்கு? உங்கள் துறையை எழுதும் ஐந்தாறு பேரின் கடந்த மாதச் செய்திகளைப் படித்துவிட்டு, தனித்தனியாக அனுப்புங்கள். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்பது முதல் பத்தியிலேயே வரட்டும். இடம் போதாவிட்டால் துணை ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். நிர்வாக இயக்குநரின் பெருமிதம் கடைசியில் இருக்கட்டும். வெட்டுப்பட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பக்கம் போதும். தொடர்பு எண் தருபவர் அன்று முழுக்க போனை எடுக்க வேண்டும். எடுக்காததாலேயே நின்றுபோன செய்திகள் ஏராளம்.

கேள்வி: வெளிவந்த செய்திகளை எண்ணினால் பலன் தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவது’ என்று இலக்கு வைத்தால் எதை அளப்பது? யாரிடம், எந்த மாற்றம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று திட்டத்திலேயே எழுதுங்கள். தொடங்குமுன் ஒரு கருத்துக்கணிப்பு, முடிந்தபின் அதே கேள்விகளோடு இன்னொன்று. கேள்வியின் வாசகத்தை மாற்றினால் ஒப்பீடு கெடும். செய்தி வந்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி ‘மதிப்பு’ காட்டும் வழக்கத்தை 2010-லேயே பார்சிலோனா கோட்பாடுகள் (மக்கள் தொடர்புப் பணியின் பலனை அளக்க அத்துறையினர் வகுத்த சர்வதேச நெறிகள்) நிராகரித்துவிட்டன.