காஞ்ச பிரெட்டும் பழுத்த தக்காளியும்

கேள்வி: அக்கா, யூடியூப்ல பாத்து பான்சனெல்லான்னு ஒரு இத்தாலி சாலட் செஞ்சேன், பாக்கெட் பிரெட்டை தண்ணில ஊறப்போட்டு பிழிஞ்சு தக்காளி வெட்டிப் போட்டேன், களி மாதிரி ஆயிடுச்சு, வீட்டுல யாரும் தொடல. எங்க தப்பு? மாமியாருக்கு சுகர் இருக்கு, அவங்க சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தங்கச்சி, உங்க கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்ல, பிரெட்தான் வேற. இது இத்தாலியில டஸ்கனிங்கிற பகுதி விவசாயிங்க சாப்பாடு, அங்க உப்பே போடாம சுடுற பிரெட் ரெண்டு மூணு நாள்ல கல்லு மாதிரி ஆயிடும், அதை வீணாக்க மனசு வராம தண்ணில நனைச்சு பிழிஞ்சு வெங்காயம், வினிகர், ஆலிவ் எண்ணெய் சேத்து சாப்பிட்டாங்க, நாம மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வச்சு காலையில சின்ன உள்ளி கடிச்சுக்கிட்டு குடிக்கிறோம்ல, அதே மாதிரிதான். 16-ம் நூற்றாண்டுல புரோன்சினோங்கிற ஃப்ளாரன்ஸ் ஓவியர் இதைப் பாட்டுல எழுதினப்போ அதுல வெங்காயம், வெள்ளரிக்கா, பருப்புக்கீரை இருந்துச்சு, தக்காளி பின்னாடி வந்து சேந்ததுதான். அந்தக் கீரை நம்ம தோட்டத்துலயே தானா முளைக்கும், நல்லா கழுவி ஒரு பிடி போடுங்க, லேசா புளிப்பா இருக்கும்.

நம்ம கடை பிரெட் பஞ்சு மாதிரி, தண்ணில போட்டா கரைஞ்சுதான் போகும். அதனால தண்ணியே வேண்டாம். நாலு பேருக்கு அரை கிலோ நல்லா பழுத்த நாட்டுத் தக்காளி (நான் வடசேரி சந்தையில அமுக்கிப் பாத்துதான் எடுப்பேன்), பெரிய துண்டா வெட்டி அரை ஸ்பூன் உப்பு தூவி சல்லடையில போட்டு அடியில ஒரு கிண்ணம் வைங்க. கால் மணி நேரத்துல இளஞ்சிவப்பா சாறு இறங்கியிருக்கும், அதுதான் இந்த சாலட்டோட உயிரு, கீழ ஊத்திடாதீங்க. அதுல ரெண்டு ஸ்பூன் ஆலிவ் எண்ணெயும் ஒரு ஸ்பூன் வினிகரும் விட்டு அடிச்சுக்கோங்க. தேங்காய் எண்ணெய் வாசனை தக்காளியை அமுக்கிடும், இதுக்கு வேண்டாம். ஆனா எண்ணெயே இல்லாமலும் செய்யாதீங்க, தக்காளிக்கு சிவப்பு நிறம் தர்ற லைகோபீன்ங்கிற சத்து உடம்புல நல்லா சேர கொழுப்பு வேணும்.

200 கிராம் கோதுமை பிரெட்டை பிச்சு தோசைக்கல்லுல சின்ன தீயில மொறுமொறுன்னு ஆகுற வரை வாட்டுங்க, வெள்ளரிக்கா, மெலிசா அரிஞ்ச வெங்காயம், தக்காளி எல்லாம் சேத்து அந்த சாறை ஊத்தி 20 நிமிஷம் விட்டா பிரெட் உள்ள நனைஞ்சு ஓரம் மட்டும் கடிபடும். துளசி போடாதீங்க, காரமா தூக்கலா இருக்கும், திருநீற்றுப்பச்சிலைதான் அவங்க சொல்ற பேசில், கிள்ளிப் போட்டாலே வீடு மணக்கும். கடை பிரெட்லயே உப்பு இருக்கு, அதனால மேல உப்பு போடாதீங்க.

ஒண்ணு முக்கியம், நம்ம ஊர்ல ரெண்டு மழையும் பெய்யும், ஈரத்துல வெளிய வச்ச பிரெட் காயுறதுக்கு முன்னாடி பூசணம் பிடிச்சிரும். ஒரு ஸ்லைஸ்ல பச்சை புள்ளி கண்டாலும் பாக்கெட்டோட தூக்கிப் போடுங்க, சுரண்டிட்டு சாப்பிடக் கூடாது. பாக்கெட்ல முதல் பேரா முழு கோதுமைன்னு இருக்கான்னும் பாருங்க, பிரவுன் நிறம் கேரமல் சேத்தும் வரும்.

மாமியார் சாப்பிடலாம், ஆனா பழைய பிரெட்னா சர்க்கரை ஏறாதுன்னு நினைக்காதீங்க, அதுவும் மாவுதான். சோத்துக்குப் பதிலா கொடுங்க, சோறும் இதுவும் சேத்து வேண்டாம். அவங்க பங்கை முதல்லயே தனியா எடுத்து ஒரு ஸ்லைஸ் பிரெட் மட்டும் போட்டு, வெள்ளரிக்காயும் கீரையும் கூட்டி, பக்கத்துல ஒரு அவிச்ச முட்டையோ ஒரு கை அவிச்ச கடலையோ வைங்க.